பல்லனை வளர்க்கவா?

அங்கிருந்தே என் வீட்டுக்காரர் ஆறு விரல் காட்டுகிறார், அப்புறம் ஒன்று. அறுபத்தொன்றாம். அறுபத்தொரு முதலைக்குட்டி பிடித்தாயிற்றாம். மோட்டார் பம்ப் கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர், அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட், இரண்டு முட்டியும் தேய்ந்த மனுஷன், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்றே கால் மணிக்கு ரேஸ் கோர்ஸ் நடைபாதையில் நின்றுகொண்டு ஃபோனை முகத்துக்கு நேரே பிடித்துக் கட்டைவிரலால் மேலே மேலே தள்ளுகிறார், கண்ணாடியில் ஊர்கிற எறும்பைத் தள்ளுகிற மாதிரி. நான் கையைத் தூக்கி, சரி, பார்த்தேன் என்று காட்டினேன். வேறென்ன காட்ட. சிமென்ட் பெஞ்சு புடவையையும் மீறிச் சுடுகிறது, குடை தலைக்குத்தான் நிழல், முழங்காலுக்கு இல்லை. ஜீவோ என்று பேர் இந்த விளையாட்டுக்கு. நாம் தெருவில் நடந்தால் ஃபோனுக்குள்ளும் ஒரு பொம்மை நடக்கும், வழியில் விதவிதமாய் ஜந்துக்கள் முளைக்கும், பந்தை வீசிப் பிடித்துப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் விஷயம், இதற்குத்தான் ஊரில் பாதிப் பேர் வெயிலில் அலைகிறார்கள். இன்றைக்கு இரண்டிலிருந்து ஐந்து வரை முதலைக்குட்டி மட்டும்தான் வருமாம், வருஷத்தில் ஒரே ஒரு நாளாம், அதனால் சாதத்தைக் கூடச் சரியாகச் சாப்பிடாமல் கிளம்பி வந்திருக்கிறார், பையனுக்கு ஒரு நல்ல குட்டி பிடித்துக் கொடுக்க. பூனாவில் இருக்கிற எங்கள் பையன் சஞ்சித் நாற்பத்திரண்டு நாளாக இவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுடைய முதலைக்குட்டியை இவர் கெடுத்துவிட்டார் என்று அவன் நினைக்கிறான். இவரும் அப்படியே நினைக்கிறார். கெடுத்தது நான். இது தெரிந்த ஒரே ஆள் குடையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். ஐந்து மணிக்கு அவன் கூப்பிடுவான், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் என்னைக் கூப்பிடுவான், அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்று நான் கேட்பேன், வேண்டாம்மா நேரமாச்சு என்பான். ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. இன்றைக்கு ஆறாவது.

பிளாஸ்கில் காபி இருக்கிறது, வந்து குடித்துவிட்டுப் போனால் என்ன, மாட்டார். பிங்க் பை மாட்டின காலேஜ் பெண் ஒருத்தி இவருக்கு வாத்தியார் ஆகிவிட்டாள், அரைமணியாக அவள் பின்னாடியே சுற்றுகிறார். "அங்கிள், நேரா வீசாதீங்க, வளைச்சுப் போடுங்க, அப்பத்தான் மாட்டும்" என்கிறாள். இவர் ஃபோனோடு உடம்பையே வளைக்கிறார். "அங்கிள், நீங்க வளைய வேண்டாம், பந்துதான் வளையணும்." சுற்றி நாலைந்து பேர் சிரிக்கிறார்கள், இவரும் சேர்ந்து சிரிக்கிறார். இவருக்கு மானம் ரோஷம் எல்லாம் ஆபீஸ் லாக்கரில் வைத்துப் பூட்டியாகிவிட்டது. எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது, தெரிந்தவர்கள் யாராவது நடக்க வந்தால், எங்கள் காம்பவுண்டு அம்மிணியக்கா மாதிரி யாராவது வந்தால், ஏன் வசு, உங்க வீட்டுக்காரருக்கு என்னாச்சு என்று கேட்டால், என்ன சொல்வது, முதலை பிடிக்கிறார் என்றா. அந்தப் பெண் என்னைப் பார்த்து, "ஆன்ட்டி, நீங்க விளையாடலையா?" என்றாள். "நான் ஒரு தடவை விளையாடினேன், போதும்" என்றேன். அவளுக்கு இது நல்ல ஜோக்காக இருந்திருக்கும், பல் தெரியச் சிரித்தாள். எனக்கு வாய் இப்படித்தான், உண்மையைச் சொன்னாலும் குத்தலாகத்தான் வெளியே வரும், யாரும் உண்மை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கான்வென்டில் சிஸ்டர் யூலாலியா சொல்வார், வசுமதி, உன் நாக்குக்குத் தனியாக ஒரு பெஞ்சு போட வேண்டும் என்று. அதே சிஸ்டர்தான் பத்தாம் வகுப்பில் நன்னடத்தைக்கான பரிசையும் கொடுத்தார். மாரல் சயன்ஸில் எப்போதும் நான்தான் ஃபர்ஸ்ட். செய்த பாவம், செய்யாமல் விட்ட பாவம், இரண்டுக்கும் உதாரணம் தருக. எழுதித் தள்ளிவிடுவேன். உதாரணத்துக்கு என்னிடம் பஞ்சமே கிடையாது.

நான் பொய் ஒன்றும் சொல்லவில்லை. இதைத்தான் நாற்பத்திரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், பாத்திரம் தேய்க்கும்போது, துணி மடிக்கும்போது, இவருக்குத் தட்டு வைக்கும்போது. வாயைத் திறந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. அன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமைதான். கோபியில் பெரியப்பா பேத்தி கல்யாணத்துக்கு சஞ்சித் வந்திருந்தான், மறுநாள் காலை ரயில். குளிக்கப் போகும்போது ஃபோனைச் சாப்பாட்டு மேஜையில் சார்ஜ் போட்டுவிட்டுப் போனான். நான் மேஜையைத் துடைக்க வந்தேன். ஃபோன் திறந்தே கிடந்தது, அதில் அந்த முதலைக்குட்டி. பாசிப்பச்சை, வயிறு மட்டும் மஞ்சள், உடம்புக்குப் பொருந்தாத கட்டை வால், வாயை மூடினாலும் வெளியே நிற்கிற ஒரே ஒரு பல். இரண்டு காலில் நின்று தத்தித் தத்தி ஆடிக்கொண்டிருந்தது. க்ராக்கோ என்று கம்பெனி வைத்த பேர், இவன் வைத்த பேர் பல்லன். பத்தாவது படிக்கும்போது பிடித்தது, இப்போது இவனுக்கு இருபத்து நாலு, இன்னும் அதே குட்டி. அதன் தலைக்கு மேல் ஒரு பொத்தான் மினுக்கிக்கொண்டே இருந்தது. மினுக்கினால் எனக்கு ஆகாது. படிக்காத மெசேஜ், கழுவாத டம்ளர், பாதி மூடின ஜன்னல், எதையும் என்னால் அப்படியே விட முடியாது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். பல்லன் வளரத் தயாராக இருக்கிறான், வளர்க்கவா? ஆமாம், வேண்டாம். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஒன்பது வருஷமாக ஒரு பிள்ளை எல்கேஜியிலேயே உட்கார்ந்திருக்கிறது, பாஸ் போடவா என்று கேட்கிறார்கள். எந்தத் தாய் வேண்டாம் என்பாள். ஆமாம் என்று அமுக்கினேன். குட்டி ஒரே வெளிச்சமாகி, உருண்டு, நீண்டு, வெளிச்சம் போனதும் நின்றது ஒரு தடியன். தோள் அகலம், புருவம் சேர்ந்துபோய், கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிறது. ஆட்டம் இல்லை. அந்த ஒற்றைப் பல் எங்கே என்று தேடினேன், வாய் நிறையப் பல், அதில் எது அது என்று தெரியவில்லை. பருப்பு விசில் வந்தது, போய்விட்டேன். திரும்ப முடியாதாம். வளர்ந்தது வளர்ந்ததுதானாம். அது பிறகுதான் தெரியும்.

நான் அடுப்படியில். இவர் வந்து ஃபோனை எடுத்திருக்கிறார், கிரிக்கெட் ஸ்கோர் பார்க்க, இவருடையதில் நெட் தீர்ந்துபோய்விட்டது. துண்டோடு வெளியே வந்த பையன் பார்த்தது, அப்பா கையில் ஃபோன். "அப்பா, என்ன பண்ணுனீங்க?" என்றான். குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. இவர், "ஸ்கோர்தான் பாத்தேன் சாமி, ஏதாச்சும் பட்டுருச்சா?" என்று ஃபோனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்போது அவன் கத்தினான். "ரெண்டு வருஷம், ஒரு நாள் விடாம வேண்டாம் வேண்டாம்னு அமுக்குனது நீங்கதானேப்பா! நீங்களே இப்படிப் பண்ணுவீங்களா?" எனக்குக் கரண்டி கையில் நின்றுவிட்டது. எந்த ரெண்டு வருஷம்? ப்ளஸ் ஒன், ப்ளஸ் டூ. நாமக்கல் பக்கம் ஹாஸ்டலில் போட்டிருந்தோமே அந்த இரண்டு வருஷம். போட்டிருந்தோம் என்ன, போட்டேன். இவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், இங்கேயே படிக்கட்டுமே என்றார், நான்தான் ஊரில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளையும் உதாரணம் காட்டி, பெட்டியைக் கட்டி, கொண்டுபோய் விட்டேன். காலை நாலரைக்கு எழுப்பி ராத்திரி பதினொன்றுக்குப் படுக்க வைக்கிற இடம். ஃபோன் கிடையாது. அவன் ஃபோனை நான் பீரோவில் பூட்டினேன். சாவி எங்கே இருக்கும் என்று இவருக்கும் தெரியும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. தினமும் நான் குளிக்கிற நேரத்தில் இவர் அதை எடுத்து, குட்டிக்குத் தீனி போட்டு, வளர்க்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று அமுக்கி, திரும்ப வைத்துவிடுவாராம். மாதத்தில் ஒரு ஞாயிறு பார்க்க விடுவார்களே, அப்போது வார்டனோடு நான் மார்க்கைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கையில், கார் வெயிலில் நிற்குது நிழலில் விட்டுட்டு வரோம் என்று இரண்டு பேரும் போவார்கள், அரைமணி கழித்து வருவார்கள். எந்த நிழலைத் தேடி அரைமணி போவார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை நான். ஃபோன் காரில் இருந்திருக்கிறது. எல்லாம் கேட்கிற நான். எட்டு வருஷம் கழித்து அடுப்படியில் நின்று, ஒரு கத்தலிலிருந்து தெரிந்துகொள்கிறேன், இந்த வீட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு குட்டி வளர்ந்திருக்கிறது, இல்லை, வளராமல் இருந்திருக்கிறது. அந்த எரிச்சலில்தான் சொன்னேன். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். "உங்கப்பா விரலு வாழைக்காயாட்ட இருக்குது, எதையாச்சும் அமுக்கித்தான் இருப்பாரு." அவ்வளவுதான். விரல் நிஜமாகவே தடிமன்தான். இதில் பொய் எங்கே இருக்கிறது.

எழுபத்து மூன்று என்று காட்டுகிறார். மணி நாலடிக்கப் போகிறது. ஒருவழியாக வருகிறார், வலது காலை ஊன்றும்போது முகத்தைச் சுளித்துக்கொண்டு, சட்டை முதுகோடு ஒட்டி, வந்து பெஞ்சில் உட்காராமல் நின்றபடியே காபியை வாங்கிக்கொள்கிறார், உட்கார்ந்தால் எழுந்திருக்க நேரமாகுமாம். "ஏனுங்க, போதுமில்ல? எழுபது புடிச்சாச்சு, அதுல ஒண்ணக் குடுங்க" என்றேன். "எல்லாமே சாதாக் குட்டி வசு. அந்தப் புள்ள சொல்லுது, மூணு நட்சத்திரம் ஒண்ணு வருமாம். குடுக்கறது குடுக்கறோம், நல்லதாக் குடுக்கலாம்." ஒரு வாய் குடித்தார். ஃபோனை என் பக்கம் திருப்பிக் காட்டினார், ஒரே மாதிரி எழுபத்து மூன்று குட்டி வரிசையாக ஆடிக்கொண்டிருந்தன. "இதப் பாரு, இது பல்லனாட்டவே தலையச் சாய்க்குது பாரு." எல்லாம் ஒரே மாதிரித்தான் சாய்க்கின்றன. எப்படிக் கொடுப்பீர்கள், இங்கிருந்து அனுப்பிவிட முடியுமா என்று கேட்டேன். இவர் டம்ளரையே பார்த்தார். "நூறு மீட்டருக்குள்ள இருந்தாத்தான் கைமாத்த முடியுமாம். செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டேன். சொல்லலாம்னுதான் இருந்தேன்." பூனாவுக்கா என்றேன். ம் என்றார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்துகொண்டு, இந்த முட்டியோடு. "அவன் பேசலீன்னா?" "பேச வேண்டாம். கதவத் தொறந்தாப் போதும், வாசல்லயே நின்னு குடுத்துட்டு வந்தர்றேன்." டம்ளரை உதறி மூடியைப் போட்டார். "நான் பண்ணுனதுக்கு நான்தானே போகோணும்" என்றார், ஏதோ கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும் என்கிற மாதிரி. அந்தப் பிங்க் பைக்காரி தூரத்திலிருந்து, "அங்கிள், இங்க கும்பலா வருது!" என்று கத்தினாள். இவர் போய்விட்டார். ஓடினார் என்றுதான் சொல்ல வேண்டும், அதை ஓட்டம் என்று சொல்ல முடிந்தால்.

இப்போதே சொல்லியிருக்கலாம். காபி கொடுக்கும்போதே. ஏனுங்க, நீங்க இல்லீங்க, நான். நாலு வார்த்தை. எனக்கு வார்த்தைக்கா பஞ்சம், ரேஷன் கடையில், பேங்கில், பால்காரரிடம், ஹாஸ்டல் வார்டனிடம், இவருடைய அக்காவிடம், எங்கேயும் வந்து நிற்கிற வார்த்தை இங்கே வரவில்லை. இவருக்குச் சொல்ல எனக்குப் பயம் இல்லை. இவர் என்ன செய்துவிடுவார், அப்படியா என்பார், இரண்டு நாள் கம்மென்று இருப்பார், மூன்றாம் நாள் புளி தீர்ந்திருச்சா என்று கேட்பார். பயம் அவனிடம். அவனிடம் எனக்கு இருப்பது ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம். சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், சளி இருக்கா, இல்லை, துணிக்கு ஆள் வருதா, வருது. இவ்வளவுதான் அந்தப் பத்து நிமிஷத்தில் இருப்பது, ஆனால் அது என்னுடையது. ஹாஸ்டலில் விட்ட அன்றைக்கு அவன் அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கேட்டுக்கு உள்ளே நின்றுகொண்டு, "சரிம்மா" என்றான். அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் சரிம்மாதான். இஞ்சினியரிங் சேர், சரிம்மா. பூனாவில் வேலையா, போ, சரிம்மா. என்னிடம் அவன் ஒரு தடவையும் கத்தியதில்லை. அப்பாவிடம் கத்தினான் பார், தொண்டை கிழிய, கண்ணில் தண்ணீர் நிற்க, அப்படிக் கத்த ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் நான் இல்லை. நான்தான் அமுக்கினேன் என்று சொன்னால் கத்துவானா? கத்த மாட்டான். சரிம்மா என்பான். அப்படித்தானே இருக்கும், அம்மாதானே, வேறு யார் செய்வார்கள் என்று உள்ளே போய்விடுவான். அதைக் கேட்பதற்குப் பதில் இவர் பூனாவுக்குப் போகட்டும் என்று இருக்கிறேனா? வாசலில் நின்று கொடுத்துவிட்டு வரட்டும் என்று இருக்கிறேனா? ஒரு பகல் ஒரு ராத்திரி, கழிப்பறைக்கு எழுந்து போக முட்டியைப் பிடித்துக்கொண்டு? கொடுத்து, அவன் வாங்கி, இரண்டு பேரும் சமாதானமாகி, எல்லாம் சரியாகிவிட்டால் நான் ஏன் நடுவில் வாயைத் திறக்க வேண்டும், முடிந்துபோனதைக் கிளறி யாருக்கு என்ன லாபம். இது நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கிறது. மூன்று தடவை சுற்றி வந்து பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் நல்ல யோசனை மாதிரித்தான் இருக்கிறது, ஆனால் அதை நினைக்கும்போதெல்லாம் இவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நிற்பது வந்துவிடுகிறது. நான் பண்ணுனதுக்கு நான்தானே போகோணும். என்ன பண்ணினார் இந்த மனுஷன். ஸ்கோர் பார்த்தார்.

சோளக்கருது சுடுகிற வண்டிக்காரர் புகையை என் பக்கமே விசிறுகிறார், கண் எரிகிறது. ஒரு ஆள் நாயைப் பிடித்துக்கொண்டு போகிறான், இல்லை, நாய் அவனைப் பிடித்துக்கொண்டு போகிறது. மணி நாலே முக்கால். இடது தோள் வலிக்கிறது, குடையைக் கை மாற்றினேன். ஒருவேளை இவருக்குத் தெரியுமோ? தெரிந்தே சும்மா இருக்கிறாரோ? இல்லை. தெரிந்திருந்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும், தீபாவளிக்கு எனக்குப் புடவை எடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கூட ஒளித்து வைக்கத் தெரியாது. ஆனால் இரண்டு வருஷம் பீரோவைத் திறந்து மூடியது எனக்குத் தெரியாதே. அப்போது முகம் எங்கே போயிற்று? அப்படியென்றால் இந்த முகத்தை நான் பார்க்கவே இல்லையா, பார்க்கிற மாதிரி இருந்தேனா? இதெல்லாம் இப்போது எதற்கு. விஷயம் சின்னது, பொத்தான் அளவு. யார் அமுக்கினது, நான். இதை நான் இவ்வளவு தூரம் இழுத்து, சாமி, இதற்கு மேல் யோசித்தால் தலைவலி வந்துவிடும். தூரத்தில் நாலைந்து பேர் கைதட்டுகிறார்கள். பார்த்தால் நடுவில் இவர், ஃபோனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்து மூன்று விரல் காட்டுகிறார். எண்ணிக்கை இல்லை, நட்சத்திரம். மூன்று நட்சத்திரக் குட்டி மாட்டிவிட்டது.

ஐந்தாகி ஒரு நிமிஷத்துக்கு என் ஃபோன் அடித்தது. இவர் அதற்குள் வந்து பெஞ்சுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். வீட்டில் என்றால் இந்த நேரத்தில் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், ஊற்றின செடிக்கே ஊற்றுவார், இங்கே செடி இல்லை, அதனால் குப்பைத் தொட்டியில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டு நின்றார். ஸ்பீக்கரில் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியாது, இதுவரை போட்டதில்லை. "ம்மா." "சொல்லு சாமி. சாப்ட்டியா?" "சாப்ட்டேன். என்ன ஒரே சத்தமா இருக்கு, எங்க இருக்கீங்க?" ரேஸ் கோர்ஸில் என்றேன், உங்கப்பா இன்னைக்கு வந்து, என்று ஆரம்பித்ததும் இவர் குனிந்து, "மூணு நட்சத்திரம்னு சொல்லு, மூணு நட்சத்திரம்" என்று கிசுகிசுத்தார். சொன்னேன். பிறகு, "ம்மா, அதெல்லாம் வேண்டாம்னு சொல்லு. எத்தனை நட்சத்திரமா இருந்தாலும் அது பல்லன் இல்ல. அவருக்குத் தெரியாதா, அவருக்கே தெரியும்" என்றான். இவர் நிமிர்ந்தார். குப்பைத் தொட்டியில் இருந்தது ஈரக்குப்பை உலர்குப்பை என்று இரண்டே வார்த்தை, அதைத் திரும்பவும் முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தார். நான் சொன்னேன். "சஞ்சித், அப்பா இல்ல. நான்தான் அமுக்குனேன்." "என்னது?" "அன்னைக்கு. பல்லன. அப்பா ஃபோன எடுக்கறதுக்கு முன்னாடியே. நான்." ஃபோன் அணைந்துவிட்டதோ என்று பார்த்தேன், நொடி ஓடிக்கொண்டிருந்தது, பதினாறு, பதினேழு, பதினெட்டு. "மேஜை தொடைக்கறப்பத் தெரியாமப் பட்டுருச்சா?" என்றான். மெதுவாக, கிட்டத்தட்டக் கெஞ்சுகிற மாதிரி. கதவைத் திறந்துவிட்டு ஓரமாக நிற்கிறான், உள்ளே வா என்கிறான், ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், துணி பட்டது, ஈரக் கை பட்டது, எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். "இல்ல" என்றேன். "வளர்க்கவான்னு கேட்டுச்சு. கண்ணாடி போட்டுப் படிச்சேன். படிச்சுட்டுத்தான் ஆமான்னு அமுக்குனேன்." "ஏம்மா?" "பெருசானா நல்லதுதானேன்னு." சரிம்மா என்று சொல்லப் போகிறான் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை. பிறகு, "அப்பாகிட்ட ஃபோனக் குடு" என்றான். ம்மா என்று சேர்க்கவில்லை.

இவர் என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். கோபம் என்று சொல்ல முடியாது. எதிரில் வருகிற ஆளை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே, யார் என்று யோசிப்போமே, அந்தப் பார்வை. ஃபோனை நீட்டினேன். ஸ்பீக்கரை அமுக்கி அணைக்கத் தெரிந்திருக்கிறது, அணைத்து, காதில் வைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிட்டார். "சொல்லு சாமி" என்று மட்டும் கேட்டது, பிறகு முதுகுதான். தன் ஃபோனை என் மடியில் போட்டுவிட்டுப் போயிருந்தார். விளையாட்டு ஓடிக்கொண்டே இருந்தது, ஐந்து மணி தாண்டியதும் முதலைக்குட்டி வருவது நின்று வேறு ஏதோ கொசு மாதிரி ஒன்று வர ஆரம்பித்திருந்தது. பிங்க் பைக்காரி கிளம்பும்போது, "பை ஆன்ட்டி, அங்கிள் சூப்பர்!" என்றாள். தலையாட்டினேன். இவர் அடுத்த மரம் வரை போனார், அதற்கடுத்த மரம் வரை போனார், திரும்பி வருகிறார் என்று பார்த்தால் மறுபடியும் போனார். ஒரு இடத்தில் நின்று கையை நீட்டி என்னவோ அளந்து காட்டினார், ஃபோனில் தெரியுமா கை. "முட்டியெல்லாம் பரவால்ல சாமி" என்று ஒரு வார்த்தை காற்றில் வந்தது. பிறகு சிரித்தார். நாற்பத்திரண்டு நாளில் அந்தச் சிரிப்பு வீட்டில் கேட்கவில்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது, நியூஸ் பார்க்கும்போது, எப்போதும் இருக்கிற சத்தம்தானே, நின்றுபோனது தெரியவே இல்லை. என்னைப் பற்றிச் சிரிக்கிறார்களோ? சிரிக்கட்டும். இல்லை, என்னைப் பற்றி இல்லை. என்னைப் பற்றியாக இருந்தால் கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. என் பத்து நிமிஷம் போய் இருபத்தைந்து நிமிஷம் ஆகிவிட்டது.

திரும்பி வந்து ஃபோனைக் கொடுத்தார். கட் ஆகியிருந்தது. "என்ன சொன்னான்?" என்றேன். "என்னென்னமோ சொன்னான்." "என்னைப் பத்தி?" கொஞ்சம் யோசித்தார், நல்லதாக ஏதாவது கிடைக்குமா என்று தேடினது தெரிந்தது. "அவன் ஒண்ணும் கேக்கல" என்றார். பிளாஸ்கை எடுத்துக்கொண்டேன், குடையை மடக்கினேன், மடங்காமல் கம்பி ஒன்று முரண்டு பிடித்தது, எப்போதும் வாங்கி மடக்கித் தருவார், பார்த்துக்கொண்டே நின்றார். "நாப்பத்திரண்டு நாளு வசு" என்றார். அவ்வளவுதான். திட்டினால் பதில் சொல்லலாம். நாளைச் சொன்னால் என்ன பதில் சொல்வது, கணக்கு சரியாகத்தான் இருந்தது. வண்டி நிறுத்தியிருந்த இடம் வரை அவர் முன்னால், நான் பின்னால். "செவ்வாக்கெழமை டிக்கெட்டக் கேன்சல் பண்ணிரலாமுங்களா?" என்று முதுகைப் பார்த்துக் கேட்டேன். "எதுக்கு? போறேன். வரச் சொல்லிருக்கான்." "நானும் வர்ட்டுமா?" "ஒரு டிக்கெட்டுத்தான் போட்டிருக்குது" என்றார், குரலில் குத்தல் ஒன்றும் இல்லாமல், நிஜமாகவே ஒரு டிக்கெட்தான் போட்டிருந்ததால். ஸ்கூட்டரை ஸ்டாண்டிலிருந்து எடுத்தார், ஸ்டார்ட் பண்ணினார். ஏறி உட்கார்ந்து புடவையைச் சக்கரத்தில் மாட்டாமல் இழுத்துச் செருகினேன். கல்யாணமாகி இருபத்தேழு வருஷம், வண்டி எத்தனையோ மாறிவிட்டது, கிளப்புவதற்கு முன்னால் தலையைப் பாதி திருப்பி, உக்காந்தாச்சா என்று கேட்காமல் ஒரு நாளும் எடுத்ததில்லை. கேட்பார் என்று இருந்தேன். தலை திரும்பவில்லை. வண்டியும் நகரவில்லை, எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, பின்னால் கார்க்காரன் ஹாரன் அடித்தான்.

"உக்காந்தாச்சுங்க" என்றேன், யாரும் கேட்காமலே.

வண்டியை எடுத்தார்.